எண்ணெய் சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு!
(ஷாஃப்ட் டிரைவ் மோட்டார் சைக்கிளில் ஆயில் லீக் கண்டுபிடிக்கும் முறை)



நம்ம ஊர் ரோட்டில் ஓடுகிற மோட்டார் சைக்கிள்கள் ஏறக்குறைய எல்லாமே செயின் வண்டிகள்தான். அவற்றில் எண்ணெய் ஒழுகினால் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் கொஞ்சம்தான். இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ் மூன்றும் பெரும்பாலும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. (பழைய புல்லட் மட்டும் விதிவிலக்கு. அதில் இன்ஜினுக்கு ஒன்று, கிளட்ச் கேஸுக்கு ஒன்று, கியர் பாக்ஸுக்கு ஒன்று என்று தனித்தனி. புல்லட்டில் கை வைத்தவர்களுக்கு இந்தக் கட்டுரை சீக்கிரம் புரியும்.)

ஷாஃப்ட் டிரைவ் வண்டி என்றால் என்ன? லாரியின் அடியில் குனிந்து பார்த்திருப்பீர்கள். கியர் பாக்ஸிலிருந்து ஒரு தண்டு பின்னால் போகிறது. அது ஒரு பினியனைச் சுற்றுகிறது, பினியன் கிரவுன் வீலைச் சுற்றுகிறது, சக்கரம் சுழல்கிறது. அதையே சின்னதாக்கி ஒரு மோட்டார் சைக்கிளின் பின்பக்கக் கைக்குள் அடக்கிவிட்டால் ஷாஃப்ட் டிரைவ். செயின் இல்லை, ஸ்ப்ராக்கெட் இல்லை, வாராவாரம் கிரீஸ் போட வேண்டியதில்லை. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 1923-ல் மாக்ஸ் ஃப்ரிட்ஸ் என்ற இன்ஜினீயரின் டிசைனில் வெளியிட்ட ஆர்-32 என்ற முதல் மோட்டார் சைக்கிளே ஷாஃப்ட் டிரைவ்தான். இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி, ரஷ்யாவின் யூரல், 1975-ல் வந்த ஹோண்டா கோல்ட் விங் என்று இந்தக் குடும்பம் பெரியது.

பாடத்துக்கு நாம் எடுத்துக்கொள்வது 1969-ல் வந்த ஆர்-75/5 முதல் 1996-ல் நின்றுபோன கடைசி மாடல் வரை உள்ள பி.எம்.டபிள்யூ. ஏர்-கூல்டு பாக்ஸர் வண்டி. இரண்டு சிலிண்டர்கள் இடமும் வலமுமாகப் படுத்திருக்கும். நாற்பது ஐம்பது வயதானாலும் உலகம் முழுக்க இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இதன் எண்ணெய் அறைகள் ஒன்றோடொன்று கலக்காமல் தெளிவாகப் பிரிந்திருப்பதுதான். படிப்பதற்கு இதைவிட நல்ல மாடல் கிடைக்காது.

நான்கு அறைகள், நான்கு எண்ணெய்

முன்னாலிருந்து பின்னால் வருவோம். முதலில் இன்ஜின். சுமார் இரண்டு லிட்டர் இன்ஜின் ஆயில். அதன் பின்னால் கிளட்ச். இது கார் கிளட்ச் மாதிரி டிரை கிளட்ச், எண்ணெயே படக்கூடாது. அடுத்து கியர் பாக்ஸ், 800 மி.லி. கியர் ஆயில். கியர் பாக்ஸின் வலது பின்புறத்தில் ஒரு ஃப்ளேஞ்ச். அதோடு யுனிவர்சல் ஜாயிண்ட்டும் ஷாஃப்டும் நான்கு போல்ட்டால் சேர்ந்திருக்கும். ஷாஃப்ட் வலது பக்க ஸ்விங் ஆர்முக்கு உள்ளேயே ஓடுகிறது. அந்தக் குழாய்க்குள்ளும் எண்ணெய் உண்டு, மாடலைப் பொறுத்து 100 முதல் 150 மி.லி. கடைசியாகப் பின் சக்கரத்தோடு ஒட்டிய ஃபைனல் டிரைவ், அதாவது கிரவுன்-பினியன் பெட்டி. அதில் 250 மி.லி. அளவு.

கியர் பாக்ஸுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே ஒரு ரப்பர் பூட், இரண்டு கிளாம்ப். சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது வளைந்து கொடுப்பதற்காக. இந்தப் பூட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செய்யாத குற்றத்துக்கு அடிக்கடி தண்டனை வாங்குகிற அப்பாவி இவர்தான்!

ஏன் இவ்வளவு கவலை?

இன்ஜின் முன்னால் நாலு சொட்டு ஒழுகினால் வீட்டு வாசல் அழுக்காகும், அவ்வளவுதான். பின்னால் ஒழுகினால் கதையே வேறு. ஃபைனல் டிரைவில் சக்கரத்தைப் பார்த்தபடி ஒரு பெரிய ஆயில் சீல் இருக்கிறது. டிரம் பிரேக் உள்ள மாடல்களில் பிரேக் ஷூக்கள் அதே ஹவுசிங்கின் முகத்தில்தான் மாட்டப்பட்டிருக்கின்றன. சீல் போனால் எண்ணெய் நேராக டிரம்முக்குள் போகும். அங்கிருந்து ஸ்போக் வழியாக ரிம், ரிம்மிலிருந்து டயர். வளைவில் சாய்ந்து திரும்பும்போது டயரின் ஓரம்தான் ரோட்டைத் தொடுகிறது. அந்த ஓரத்தில்தான் எண்ணெய் இருக்கும். இரண்டு சக்கரத்தில் போகிறவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆகவே லீக் எங்கே என்று தெரிவதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை ஒன்று உண்டு. பின் டயரையும் ரிம்மையும் கையால் தடவிப் பாருங்கள். எண்ணெய் இருந்தால் வண்டி ரோட்டுக்குப் போகக்கூடாது, டெஸ்ட் ரைடுக்குக்கூட.

முதலில் எந்த எண்ணெய்? பிறகுதான் எந்த இடம்!

காற்று முன்னாலிருந்து பின்னால் அடிக்கிறது. சிலிண்டர் அடியில் புஷ்-ராடு குழாயின் ரப்பர் சீல் கசிந்தால் அந்த எண்ணெய் இன்ஜின் அடிப்பாகத்தில் படர்ந்து, கியர் பாக்ஸ் ஓரமாக ஓடி, ஸ்விங் ஆர்ம் வரைக்கும் போய் அங்கே சொட்டும். சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் வண்டி இடது பக்கம் சாயும், எண்ணெயும் இடது பக்கம் ஓடும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் வேறு இடம். தரையில் இருக்கிற சொட்டு சொல்வது ஒன்றுதான்: 'வண்டியில் எண்ணெய் ஒழுகுகிறது.' அது நமக்கு ஏற்கெனவே தெரியும்!

ஆகவே முதல் கேள்வி 'எங்கே' என்பதல்ல, 'எது' என்பது. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அந்தச் சொட்டை விரலில் தொட்டு மோந்து பாருங்கள். கியர் ஆயிலில், அதிலும் ஜி.எல்.-5 ரகத்தில், பற்களுக்கு நடுவே அழுத்தம் தாங்குவதற்காகக் கந்தகச் சேர்மானம் கலந்திருக்கும். கந்தக வாடை ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் ஜென்மத்துக்கும் மறக்காது. ஓடிய இன்ஜின் ஆயில் கறுப்பாகவும் கரிந்த வாடையோடும் இருக்கும், கந்தக நெடி இருக்காது. மூக்கு என்ற இந்தக் கருவிக்குச் செலவே இல்லை. ஆனாலும் நம்மில் பலர் முதலில் எடுப்பது ஸ்பேனரைத்தான்.

சொட்டுகிறதெல்லாம் இந்த நான்கு அறையிலிருந்து வருவதாகவும் நினைக்க வேண்டாம். பின் ஷாக் அப்சார்பர் உடைந்தாலும் எண்ணெய் வரும், மெல்லியதாக இருக்கும். பிரேக் ஃப்ளூயிட் பெயிண்ட்டைத் தின்னும், தண்ணீரில் கழுவினால் கரைந்து போகும். சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர் ஸ்ப்ளைன் பற்களில் கிரீஸை அள்ளி அப்பியிருந்தால் அது சூட்டில் இளகி, சிதறி, பார்ப்பதற்கு சீல் லீக் மாதிரியே இருக்கும். விரலில் தேய்த்தால் கிரீஸின் பிசுபிசுப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

எது என்று தெரிந்ததும் கழுவ வேண்டும். டீசலோ மண்ணெண்ணெயோ போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பிரேக் டிரம் பக்கம் மட்டும் டீசல் படக்கூடாது, அங்கே பிரேக் கிளீனர்தான். காய்ந்த பிறகு சந்தேகப்படும் ஜாயிண்டுகள் மேல் முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடரைத் தூவுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தால் பவுடரில் ஈரக்கோடு தெரியும். அந்தக் கோட்டின் மேல்நுனி எங்கேயோ அங்கேதான் லீக். கீழ்நுனியைப் பார்க்கிறவன் ஏமாந்து போவான். இப்போ எண்ணெயில் கலக்கும் சாயமும் புற ஊதா விளக்கும் கடையில் கிடைக்கின்றன. கிடைத்தால் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு அறையில் மட்டும் சாயம் கலக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். ஓடும்போது மட்டும் ஒழுகினால் சுழலும் ஷாஃப்டின் சீல் மேல் சந்தேகம் வரவேண்டும். சும்மா நிற்கும்போதும் ஒழுகினால் கேஸ்கெட், ஓ-ரிங், டிரெயின் பிளக்கின் வாஷர் ஆகியவற்றைப் பாருங்கள். பழைய வாஷரையே திரும்பத் திரும்பப் போட்டு அது நசுங்கித் தகடாகியிருப்பது சர்வ சாதாரணம். இரண்டு ரூபாய் வாஷர் இருக்கும் இடத்தில் யாரும் பார்ப்பதில்லை!

நடுவில் சொட்டினால்

இன்ஜினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்தில், கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் சொட்டினால் உள்ளே மூன்று பேர் மேல் சந்தேகம். கிராங்க் ஷாஃப்டின் பின் சீல், ஃப்ளைவீலுக்குப் பின்னால் இருக்கிற ஆயில் பம்ப் மூடியின் ஓ-ரிங், கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல். முதல் இரண்டும் இன்ஜின் ஆயில், மூன்றாவது கியர் ஆயில். மூக்கு இங்கேயும் பாதி வேலையை முடித்துவிடும். மேட்டில் டாப் கியரில் ஏறும்போது இன்ஜின் சத்தம் கூடி வண்டி வேகம் கூடாமல் இருந்தால் எண்ணெய் கிளட்ச் பிளேட்டுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்ஜின் ஆயில் என்று உறுதியானால் கியர் பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். அவ்வளவு தூரம் போனவர்கள் சீல், ஓ-ரிங் இரண்டையுமே புதிதாகப் போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். கிளட்ச் பாகங்களில் பேலன்சுக்காகப் பெயிண்ட் அடையாளங்கள் இருக்கும், அவை 120 டிகிரி இடைவெளியில் வருமாறு திரும்ப மாட்ட வேண்டும். அதைவிட முக்கியம், இந்த இன்ஜினில் ஃப்ளைவீலைக் கழற்றும் முன்னால் கிராங்க் ஷாஃப்ட் முன்பக்கம் நகராதபடி தடுக்க வேண்டும். முன்னால் ஆல்டர்னேட்டர் ரோட்டார் போல்ட்டுக்கும் முன் கவருக்கும் நடுவே சரியான அளவில் ஒரு கட்டை கொடுப்பார்கள். தடுக்காமல் விட்டால் கிராங்க் நகர்ந்து, உள்ளே இருக்கும் த்ரஸ்ட் வாஷர் அதன் பின்னிலிருந்து நழுவிவிடும். அது தெரியாமல் ஃப்ளைவீலை முறுக்கினால் வாஷரும் போச்சு, இன்ஜின் கேஸும் போச்சு. ஆயில் லீக்கைச் சரிசெய்யப் போய் இன்ஜினையே இழப்பது இப்படித்தான்.

வெளியே வராத லீக்

இனிமேல்தான் இந்த வண்டியின் சுவாரசியமான பகுதி. சில லீக் வெளியே வரவே வராது! ஸ்விங் ஆர்முக்கு முன்னால் கியர் பாக்ஸின் அவுட்புட் சீல், பின்னால் ஃபைனல் டிரைவின் பினியன் சீல். இந்த இரண்டும் அறைக்கும் அறைக்கும் நடுவே உள்ள கதவுகள். கதவு திறந்துகொண்டால் எண்ணெய் பக்கத்து வீட்டுக்குக் குடிபோகும். தரையில் ஒரு சொட்டும் இருக்காது.

ஒரு கணக்கு போடுவோம். கியர் பாக்ஸ் 800, ஸ்விங் ஆர்ம் 150, ஃபைனல் டிரைவ் 250 என்று சரியாக நிரப்பிய வண்டி. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு, சூடாக இருக்கும்போதே சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மூன்றையும் தனித்தனியாக வடித்து, அளவு ஜாடியில் ஊற்றுகிறோம். கியர் பாக்ஸில் 690, ஸ்விங் ஆர்மில் 250, ஃபைனல் டிரைவில் 245 வருகிறது. முதலில் குறைந்தது 110, நடுவில் கூடியது 100. வடியாமல் சுவரில் ஒட்டிக்கொண்டது பத்து மி.லி. போகட்டும். குற்றவாளி கியர் பாக்ஸ் அவுட்புட் சீல். இதற்குப் பதிலாக கியர் பாக்ஸில் 795 இருந்து, ஃபைனல் டிரைவில் 180, ஸ்விங் ஆர்மில் 210 என்று வந்திருந்தால் பினியன் சீல். வண்டியில் ஒரு போல்ட்டைக்கூடப் பிரிக்காமல், வெறும் டிரெயின் பிளக்கும் அளவு ஜாடியும் வைத்து முடிவுக்கு வந்துவிட்டோம். வழக்கமாக எல்லோரும் பழைய எண்ணெயை ஒரே டப்பாவில் வடித்துவிட்டுப் போகிறார்கள். பாதி சாட்சியம் அந்த டப்பாவில் கலந்து போகிறது.

இப்போ அந்த ரப்பர் பூட்டுக்கு வருவோம். ஸ்விங் ஆர்மில் 150 இருக்க வேண்டிய இடத்தில் 250 வந்தால் மட்டம் ஏறும். ஏறிய எண்ணெய் பலவீனமான இடத்தில், அதாவது பூட்டின் கிளாம்ப் ஓரத்தில் வெளியே வரும். பார்க்கிறவர் 'பூட் கிழிந்துவிட்டது' என்று புது பூட் போடுவார். ஒரு மாதம் நன்றாக இருக்கும். மறுபடியும் சொட்டும். 'கம்பெனி பூட்டே சரியில்லை' என்று இன்னொன்று வாங்குவார். கியர் பாக்ஸில் எண்ணெய் குறைந்துகொண்டே போகும், கடைசியில் பேரிங் சத்தம் போடும்போதுதான் விஷயம் தெரியும்.

1987-ல் அறிமுகமான பாராலீவர் மாடல்களில் ஷாஃப்ட் எண்ணெயில் ஓடுவதில்லை, குழாய் காய்ந்தே இருக்கும். அங்கே வேலை இன்னும் சுலபம். பூட்டை விலக்கி விரலை விட்டால் ஈரம் இருக்கவே கூடாது. இருந்தால் முன் சீலோ பின் சீலோ போய்விட்டது.

சீல் போனது ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் சீல் மாற்றுகிறவர் அதே சீலைத் திரும்பவும் மாற்றுவார். ஆயில் சீல் என்பது ஒரு ரப்பர் உதடு, அதை ஷாஃப்ட்டோடு அழுத்திப் பிடிக்க ஒரு சின்ன வளைய ஸ்பிரிங். உதடு ஷாஃப்டை நேராகத் தொடுவதில்லை, நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அந்தப் படலம் இல்லாவிட்டால் ரப்பர் கருகிவிடும்.

அழுத்தத்தை முதலில் யோசியுங்கள். 27 டிகிரியில் மூடிய ஒரு பெட்டி ஓடி ஓடி 87 டிகிரிக்குச் சூடாகிறது. கெல்வின் கணக்கில் 300-லிருந்து 360. காற்றுக்கு வழி இல்லையென்றால் அழுத்தம் 360/300, அதாவது 1.2 மடங்காகும். ஏறக்குறைய 0.2 கி.கி./ச.செ.மீ. உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. மெல்லிய உதட்டுக்கு இது சின்ன விஷயமல்ல. இதற்காகத்தான் பிரீதர் வைக்கிறார்கள். இந்த வண்டியின் கியர் பாக்ஸில் பிரீதர் எங்கே தெரியுமா? ஸ்பீடோமீட்டர் கேபிளைப் பிடிக்கிற போல்ட்டே நடுவில் துளையிட்டது, அதுதான் மூச்சுக்குழல்! அழகுக்காக அதை எடுத்துவிட்டு வேறு சாதாரண போல்ட் போட்டால் கியர் பாக்ஸ் மூச்சுத் திணறும், சீல்கள் கசியும். அதே இடத்தில் கேபிளின் ரப்பர் மூடி கிழிந்திருந்தால் மழையில் தண்ணீர் உள்ளே இறங்கும். எண்ணெய் காபி நிறத்துக்கு மாறி அளவும் கூடியிருக்கும். கூடியிருக்கிறதே என்று சந்தோஷப்படக்கூடாது.

ஒரே ஒரு இடத்தில் ஒழுகினால் அந்த இடத்தின் சீல். ஒரே அறையில் இரண்டு மூன்று இடங்கள் ஒரே சமயத்தில் வியர்க்க ஆரம்பித்தால் பிரீதரைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அல்லது யாரோ அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள்.

அடுத்தது பேரிங். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், கழற்றிய டிரெயின் பிளக்கில் செதில் செதிலாக இரும்பு ஒட்டியிருந்தால், கிரவுன் வீல் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. மாவு மாதிரி சாம்பல் நிறப் பசை மட்டும் இருந்தால் அது வழக்கமான தேய்மானம். பேரிங் ஆடினால் ஷாஃப்ட் ஆடும், ஷாஃப்ட் ஆடினால் எந்தப் புது சீலும் நிற்காது.

மூன்றாவது, ஷாஃப்டின் மேல்தளம். நகத்தால் கீறிப் பாருங்கள். பழைய உதடு ஓடிய இடத்தில் பள்ளம் தட்டுப்பட்டால் புது உதடும் அதே பள்ளத்தில்தான் உட்காரும். இடம் இருந்தால் சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம். இல்லையென்றால் மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேண்டும்.

மாட்டும்போது ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் எண்ணெய் தடவ வேண்டும். ஸ்ப்ளைன் பற்கள் கத்தி மாதிரி வெட்டும், அவற்றின் மேல் வழவழப்பான டேப் சுற்றிவிட்டு சீலை ஏற்றுங்கள். சுத்தியலால் ஒரு ஓரமாகத் தட்டாமல் சீல் அளவுக்கு ஒரு வளையம் வைத்து நேராக இறக்குங்கள். வைவாவில் கேட்கிற கேள்விகள் இவைதான், வேலையில் தப்பு நடப்பதும் இங்கேதான்.

எண்ணெய் டிரம்முக்குள் போயிருந்தால் பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டி, உப்புத்தாள் போட்டுத் திரும்ப மாட்டுகிறவர்கள் உண்டு. லைனிங் பஞ்சு மாதிரி எண்ணெயை ஆழமாகக் குடித்திருக்கும். மேலே காய்ந்து தெரிந்தாலும் இறக்கத்தில் பிரேக் பிடித்து டிரம் சூடானதும் அது மறுபடி வியர்க்கும். எண்ணெய் குடித்த ஷூவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுங்கள். டிரம்மை பிரேக் கிளீனரால் கழுவி, டயரைச் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை தேய்த்து, முதல் 50 கிலோமீட்டர் முடிந்ததும் சக்கரத்தை ஒரு தடவை கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்.